லாரி எங்கே போயிற்று?

சாப்பாட்டைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பதற்கு ஆள் உண்டு. ஆனால் சாப்பாடு ஜீரணமான பிறகு நடக்கும் காரியத்தைப் பற்றி மட்டும் கௌரவமான மனிதர்கள் வாய் திறக்கக் கூடாது என்று நம்மவர்களிடையே ஒரு சம்பிரதாயம் இருந்து வருகிறது. நாமும் நாற்பது வருஷங்களுக்கு மேலாக அந்தச் சம்பிரதாயத்தைச் சிரத்தையுடன் அனுஷ்டித்து வந்தவர்கள்தாம். இன்று அதை மீறத் துணிந்ததற்குக் காரணம் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறு பெண். நேயர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசி வரையில் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

வகுப்பில் ஒரு கேள்வி

சென்ற ஐப்பசி மாதத்து அடைமழையில் நம் வீட்டு ஸெப்டிக் டாங்கு நிரம்பிப் பொங்கிவிட்டது. வீடு கட்டிய மேஸ்திரி, தொட்டியின் மூடியின் மேல் அழகாக டைல்ஸ் பதித்து வைத்திருந்தபடியால், கடப்பாரையால் உடைத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. லாரி வந்தது, தும்பிக்கை போன்ற குழாயை உள்ளே விட்டது, அரை மணி நேரத்தில் தொட்டி காலியாயிற்று. கேட்ட கூலியைக் கொடுத்தோம். லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது. முற்றத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, ஒரு பெரிய பாரம் நீங்கியவர்களாகக் காப்பி சாப்பிட உட்கார்ந்தோம்.

மூன்றாம் நாள் வகுப்பில் நீரின் சுத்தத்தைப் பற்றிய பாடம். சுகாதாரத்தின் மேன்மையைப் பற்றி நாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"என்னம்மா?"

"ஸார், ஒரு தெருவில் எடுத்த அழுக்கை இன்னொரு தெருவில் கொண்டுபோய்க் கொட்டினால் அதற்குப் பெயர் சுத்தமா, ஸார்?"

அவள் வீடு ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், விளக்கை அணைத்துக்கொண்டு லாரிகள் அங்கே வருமாம். ஏரிக்குப் போகும் ஓடையில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுமாம். ஓடைக்கரையில் அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் கைப்பம்பு இருக்கிறதாம். "முந்தாநாள்கூட வந்தது, ஸார். நீல லாரி. பின்னால் மயில் படம் போட்டிருக்கும்."

நம் வீட்டுக்கு வந்த லாரியும் நீல லாரிதான். அதன் பின்புறத்தில் தோகை விரித்த மயில் ஒன்று இருந்தது. அந்தக் கூலியை எண்ணிக் கொடுத்தது நம்முடைய கை. அன்று அந்த வகுப்பில் பாடம் சொன்னவள் அவள், கேட்டுக்கொண்டவர் நாம்.

லாரிக்காரரின் நியாயம்

மறுநாளே லாரிக்காரரைத் தேடிப் போனோம். கோபமாகத்தான் போனோம், திரும்பும்போது அவ்வளவு கோபம் இல்லை.

"ஸார், எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றார் அவர். "கொட்டுவதற்கு இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. நீங்கள் கொடுக்கிற கூலி டீஸலுக்கே சரியாய்ப் போய்விடும். அப்படியும் போனால், ஒரு நாள் வாங்கிக்கொள்கிறார்கள். மறு நாள் 'இங்கே கொட்டாதே' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நிறைந்த வண்டியோடு நான் எங்கே போவது?"

அழுக்கைச் சுத்தம் செய்வதற்கென்றே கட்டிய நிலையம், அழுக்கைக் கண்டு ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது? இது விந்தையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போய் நேரில் விசாரித்தோம். அங்கிருந்த இளம் என்ஜினீயர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை நம் வழக்கப்படி ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறோம்.

ஒரு லாரி, ஓர் ஊர்

ஸெப்டிக் டாங்கு பழைய யுக்திதான். 1860-ஆம் வருஷத்தை ஒட்டிப் பிரான்ஸ் தேசத்தில் மூராஸ் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1890-களில் இங்கிலாந்தில் எக்ஸீட்டர் நகரத்து டொனால்ட் காமெரான் என்பவர் திருத்தி அமைத்து இந்தப் பெயரையும் வைத்தார். தொட்டிக்குள் கனமான கசடு அடியில் தங்குகிறது. எண்ணெய்ப் பசையும் லேசான பொருள்களும் ஆடையாக மேலே மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகிறது. ஆகவே தொட்டியானது கழிவை அழிப்பதில்லை. ஓரளவு மக்கச் செய்து, பெரும் பகுதியைச் சேமித்து வைக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக் கழிவின் சாரம் அது. லாரி உறிஞ்சுவது அந்தச் சாரத்தைத்தான்.

இனி, சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது யார்? இயந்திரங்கள் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இயந்திரங்கள் அவற்றுக்குக் காற்று ஊதிக் கொடுக்கின்றன, அவ்வளவே. அழுக்கை உண்டு ஜீரணிக்க அந்த உயிர்களுக்குப் பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் கழிவு நீரை ஜீரணிக்க எவ்வளவு பிராணவாயு தேவை என்பதை அளந்து, அதைப் 'பி.ஓ.டி.' என்று நிபுணர்கள் வழங்குகிறார்கள். பாதாளச் சாக்கடையில் வரும் சாதாரணக் கழிவு நீருக்கு லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம். லாரியில் வரும் கசடு நீருக்கோ, அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 1984-இல் வெளியிட்ட கைந்நூலில், திட்டம் போடுவதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லும் அளவு 7,000 மில்லிகிராம்!

கணக்கைப் பாருங்கள். ஒரு லாரி 6,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 42 கிலோ பி.ஓ.டி. வருகிறது. சாக்கடை நீரில் அதே 42 கிலோ சேர வேண்டுமானால் 1,68,000 லிட்டர் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று கொண்டால், இது 1,680 பேருடைய ஒரு நாள் கழிவு. அதாவது, லாரி ஒன்று வந்து குழாயைத் திறந்தால், ஒரு சிற்றூரே திரண்டு வந்து பந்தியில் உட்கார்ந்ததற்குச் சமம். பத்து நிமிஷத்தில் அத்தனை இலைக்கும் பரிமாற வேண்டுமென்றால் எந்தச் சமையற்காரர்தான் ஓட்டமெடுக்கமாட்டார்? நுண்ணுயிர்களும் அப்படித்தான். காற்றுப் போதாமல் திணறுகின்றன. நிலையத்திலிருந்து வெளியே போகும் நீர் கலங்கிவிடுகிறது. அது போய்ச் சேரும் ஆறும் கெடுகிறது. பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் சிறு நிலையத்துக்கு முன்னறிவிப்பின்றி நாலு லாரிகள் வரிசையாக வந்துவிட்டால், அதன் ஒரு நாள் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக அதன் தலையில் விழுகிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. லாரிக்கு லாரி சரக்கு மாறும். அடிக்கடி காலி செய்யும் ஹோட்டல் தொட்டியிலிருந்து வருவது நீர்த்திருக்கும். பத்து வருஷம் திறக்காத வீட்டுத் தொட்டியிலிருந்து வருவது சேறாக இருக்கும். சில சமயம் அதே லாரி பட்டறை அமிலத்தையோ சாயக் கழிவையோ ஏற்றிக்கொண்டு வந்துவிடும். அது நுண்ணுயிர்களைக் கூண்டோடு மாய்த்துவிட்டால், மறுபடியும் வளர்த்தெடுக்கப் பல நாட்கள் ஆகும். என்ஜினீயர் கதவைச் சாத்துவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அவர் மீதும் முழுக் குற்றம் இல்லை. நிலையம் இருக்கிறது, லாரியும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வாசல்தான் பல ஊர்களில் இல்லை.

வாசலில் நடக்க வேண்டிய காரியங்கள்

அந்த வாசல் எப்படியிருக்க வேண்டும்? கலியாண வீட்டு வாசலைப் போல, வருகிறவர் யாரென்று தெரிந்துகொண்டு உள்ளே அனுப்புகிற இடமாக இருக்க வேண்டும்.

முதலாவது, பதிவு. லாரியின் எண், சரக்கு எந்த வீட்டிலிருந்து அல்லது எந்த ஹோட்டலிலிருந்து வந்தது, எத்தனை லிட்டர் என்பதையெல்லாம் எழுதி, லாரிக்காரருக்கு ஒரு ரசீது கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. நிறத்தையும் வாடையையும் பார்த்து, அமிலமா காரமா என்று காட்டும் காகிதத்தை நனைத்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. நம் பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் பையன்கள் செய்வதுதான். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு குப்பி மாதிரி எடுத்து, எண்ணிட்டு வைத்துவிட்டால், பின்னால் விபரீதம் நேரும்போது யார் கொண்டுவந்த விஷம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, வடிகட்டல். லாரியின் குழாயை நிலையத்துக் குழாயோடு இறுக்கமாகப் பூட்டி, முதலில் இரும்புக் கம்பி அழிகளின் வழியாகவும், பிறகு சிறு கண் சல்லடை வழியாகவும் விட வேண்டும். நாம் போயிருந்த இடத்தில் கம்பி அழியில் சிக்கியிருந்த பொருள்களைப் பார்த்தோம். ஷாம்பூ உறைகள், குழந்தைகளின் 'டயபர்'கள், ஒரு பல் துலக்கும் பிரஷ், அரை முழம் புடவைக் கிழிசல். கௌரவமான குடும்பங்களிலிருந்து வந்த பொருள்கள்தாம்! இவற்றையும், அடியில் படியும் மணலையும் முதலிலேயே பிரிக்காவிட்டால் பம்புகளின் ஆயுள் பாதியாகிவிடும்.

நான்காவது, நிறுத்தி வைத்தல். இதுதான் உயிர்நாடியான காரியம். வடிகட்டிய கசடு நீரை நேராக நிலையத்தில் விடாமல், ஒரு மூடிய தொட்டியில் சேர்த்துக் கலக்கி வைக்க வேண்டும். காலையில் ஊரெல்லாம் குளித்துத் துவைக்கும் வேளையில் நிலையத்துக்கு மூச்சு முட்டும். அப்போது தொட்டியின் வாயைத் திறக்கக் கூடாது. நடுநிசியில் சாக்கடை வரத்துக் குறைந்து, காற்றூதும் இயந்திரங்களுக்கு அவகாசம் இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக அளந்துவிட வேண்டும். குழந்தைக்குச் சோறூட்டும் தாய் இந்த சாஸ்திரத்தை எந்தக் கலாசாலையிலும் படித்ததில்லை. ஆனால் தினமும் செய்து வருகிறாள்.

ஐந்தாவதாக, வசதியுள்ள இடங்களில் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கசடையும் நீரையும் முதலிலேயே பிரித்துவிடுவது. மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் கசடு நீரை ஊற்றினால், நீர் கீழே வடிந்துவிடுகிறது. கசடு மேலே தங்கி வெயிலில் உலர்கிறது. வடிந்த நீர் மட்டும் சுத்திகரிப்புக்குப் போகிறது. நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை! ஆனால் காய்ந்துவிட்டது என்பதற்காக அதை உடனே கீரைப் பாத்தியில் போட்டுவிடலாகாது. நாக்குப் பூச்சியின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். நன்றாகச் சூடேறும்படி மக்க வைத்த பிறகே அது எருவாகும்.

நம் நாட்டிலேயே நடக்கிறது

"இதெல்லாம் சீமையில் நடக்கும், இங்கே நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நடக்கிறது. கர்நாடகத்தில் தேவனஹள்ளி என்னும் ஊரில், நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடு நீரைக் கையாளுவதற்கென்றே தனி நிலையம் 2015-இல் வேலை தொடங்கியது. நம் தமிழகத்தில் மதுராந்தகத்துக்கு அருகில் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் அப்படிப்பட்ட நிலையம் ஏற்பட்டது. அங்கேயும் உலர் படுகைகளே முக்கியமான சாதனம்.

திருச்சிராப்பள்ளியில் வேறு வழி. அங்கே மாநகராட்சியார் குறிப்பிட்ட சில கழிவு நீரேற்று நிலையங்களில் லாரிகள் இறக்குவதற்கு இடம் ஏற்படுத்தினார்கள். அங்கிருந்து பாதாளச் சாக்கடை வழியாகவே பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஊர்க்கோடி வரையில் லாரி ஓட வேண்டியதில்லை, டீஸல் மிச்சம். போகும் வழியில் சாக்கடை நீரோடு கலந்து நீர்த்தும் விடுகிறது. ஆனால் கண்ட கண்ட சாக்கடை மூடியைத் திறந்து ஊற்றுவது வேறு, குறிப்பிட்ட இடத்தில் இறக்குவது வேறு. சிறு குழாய்களில் கசடை ஊற்றினால் அது அடியில் தங்கி அழுகி விஷ வாயுவைக் கிளப்பும்.

சட்டத்துக்கும் குறைவில்லை. தமிழக அரசாங்கத்தார் 2014-இலேயே கசடு நீரைக் கையாளுவது பற்றிய நெறிமுறைகளை வெளியிட்டார்கள்; 2017-இல் மத்திய அரசாங்கம் இது பற்றித் தேசியக் கொள்கையே வகுத்தது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்திய நகரங்களில் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடுகள் நூற்றுக்குச் சுமார் 33. ஸெப்டிக் டாங்கை நம்பியிருந்தவை சுமார் 38. ஆகவே இது யாரோ சிலருடைய விஷயமன்று. நேயர்களில் பலருடைய முற்றத்திற்கு அடியிலிருக்கும் விஷயம்.

குழிக்குள் இறங்கும் மனிதர்

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லாரியின் குழாய்க்கு எட்டாத கெட்டிக் கசடை அள்ளுவதற்காக ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறங்கச் சொல்லும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை. தொட்டிக்குள் தேங்கியிருக்கும் விஷ வாயு இரண்டொரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். அவரைக் காப்பாற்றுவதற்காகக் குதித்தவரும் பிழைப்பதில்லை. ஒரே தொட்டியில் அண்ணனும் தம்பியும் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்.

மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் இறக்குவதையும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. இவ்விதம் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் உத்தரவிட்டது. 2023-இல் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. ரூபாயினால் ஈடு செய்யக்கூடிய நஷ்டமா அது?

1901-ஆம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸின்போது, பிரதிநிதிகளின் கழிப்பிடம் நாறிக் கிடந்தது. தொண்டர்களிடம் சொன்னதற்கு, அது தங்கள் வேலையன்று, தோட்டியின் வேலை என்று அவர்கள் பதிலளித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பாரிஸ்டர் துடைப்பத்தை வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அந்தப் பாரிஸ்டர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அவர் படம் நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் லாரிக்காரருக்குக் கூலியை எண்ணிக் கொடுத்தோம்; 'எங்கே கொட்டுவாய்?' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

வாசல் கட்டுவது முனிசிபாலிட்டியின் கடமை; கேட்டு வாங்குவது நம் கடமை. அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

தொட்டியின் மூடியைத் திறக்கும்படி வைத்திருங்கள். அதன் மேல் டைல்ஸ் வேண்டாம். பொங்கும் வரையில் காத்திராமல், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன்பே காலி செய்யுங்கள். அப்போது கசடு இறுகியிராது; குழாயே இழுத்துவிடும்; ஆள் இறங்க நேராது. எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒருவரை உள்ளே இறங்க விடாதீர்கள். திறந்த தொட்டியருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். எரியும் வாயுவும் அதில் உண்டு. துணி, பிளாஸ்டிக், 'டயபர்' எதையும் கழிப்பிடத்தில் போடாதீர்கள். உரிமம் பெற்ற லாரியையே கூப்பிடுங்கள். கூலி கொடுக்குமுன் எங்கே கொட்டப் போகிறார் என்று கேளுங்கள். கொட்டியதற்கு ரசீதும் கேளுங்கள். தூரம் அதிகமென்றால் கூலியும் அதிகமாகும். அதைக் கொடுப்பதுதான் நியாயம். மலிவாகக் காலி செய்த தொட்டியின் பாக்கியை வேறு யாரோ ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் படுத்துத் தீர்க்கிறது.

நம் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் கூடி இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரே வாரத்தில் ஏழு தொட்டிகளையும் காலி செய்வதானால், லாரிக்காரருக்கும் நிச்சயமான வருமானம். சுத்திகரிப்பு நிலையத்தாருக்கு முன்கூட்டியே நாளும் நேரமும் தெரிவித்துவிட்டோம். அவர்களும் நாளுக்கு ஒரு லாரி வீதம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். முனிசிபாலிட்டிக்கு, நம் ஊரிலேயே ஓர் இறக்குமிடம் வேண்டுமென்று கையெழுத்திட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம்.

ஏழு ரசீதுகளும் வந்து சேர்ந்த அன்று, கொஞ்சம் பெருமையுடனேயே அவற்றை அந்தப் பெண்ணிடம் காட்டினோம். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "நேற்று ராத்திரி வேறொரு லாரி வந்தது, ஸார். அது எந்தத் தெருவிலிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

நேயர்களே, அது நம் தெருவிலிருந்து வந்ததல்ல. உங்கள் தெருவிலிருந்து வந்ததா?